ஊர் பேர் தெரியாதவை

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவனிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன மீன் வளர்க்கிறீர்கள் என்பதுதான். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலிருக்கும் மூன்றடித் தொட்டியின் முன் நின்று இதைக் கேட்காதவர்கள் குறைவு. மீன் இல்லை என்றால் கண்ணாடியில் மூக்கை வைத்து இன்னொரு முறை தேடுவார்கள். கல்லுக்குப் பின்னால் ஏதோ ஒளிந்திருக்கிறது, நான்தான் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று நினைப்பார்கள் போலும். பிறகு சோபாவுக்குத் திரும்பிக் காப்பி குடிப்பார்கள். அம்மா மட்டும் நேரடியாகவே கேட்டுவிட்டாள்: "வெறும் தண்ணிக்கு எதுக்குடா ராத்திரி பகலா கரண்ட்டு?"

மீன்கள் இருந்தன. இரண்டு கோமாளி மீன்களும், மணலை ஓயாமல் வாயால் அள்ளித் துப்பிக்கொண்டிருக்கும் ஒரு கோபி மீனும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் ஐந்து நாட்கள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் இரவைத் தாண்டவில்லை. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் இரண்டாம் நாள் மாலைவரை குமிழி விட்டது. மூன்றாம் நாள் காலையில் மூன்று மீன்களும் மிதந்தன. தெருவில் வேரோடு சாய்ந்து கிடந்த மரங்களையும் மின்கம்பங்களையும் நினைத்தால் மூன்று மீன்களைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது.

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மீன்கள் நோயில் இறந்தால் உடனே புதிய மீன் விடாமல், எட்டு வாரம் பத்து வாரம் தொட்டியை மீனின்றி ஓடவிடுவார்கள். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, ஏறிக்கொள்ள மீன் கிடைக்காமல் தானே அழிந்துவிடும் என்பது கணக்கு. தரிசு போடுவது என்று இதைச் சொல்லலாம். வேங்கைவாசல், அகரம்தென் பக்கங்களில் நெல் விளைந்த நிலங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் புரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் தரிசாகப் போட்ட நிலம் மறுபடி விளைந்ததில்லை. கல் நட்டு மனையாகிவிட்டது. என் மீன்கள் நோயில் சாகவில்லை என்றாலும் புதிதாக எதையும் வாங்க மனம் வராததால் நானும் தொட்டியைத் தரிசாகவே விட்டுவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்கண்ணாடி முழுவதும் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். சில நின்றன, சில விட்டு விட்டு நகர்ந்தன. ஒளிபட்டதும் பல இடம்பெயர்ந்தன. சிமென்ட்டும் சிப்பித் தூளும் குழைத்து நானே வார்த்திருந்த கல்லின் பொந்துகளில் மயிரிழை போன்ற கைகள் நீண்டு நீரைத் துழாவிக்கொண்டிருந்தன. மணலுக்கும் கண்ணாடிக்கும் இடையே சிவப்பாக ஒன்று நெளிந்து மறைந்தது.

இதன் காரணம் எளியது. மீன் என்பது இவற்றைப் பொறுத்தவரை வாய். ஒரு கோமாளி மீன் நாள் முழுவதும் கொத்திக்கொண்டே இருக்கும். பகலில் வெளியே வந்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். வாய்கள் மூன்றும் ஒரே இரவில் இல்லாமல் போயின. உயிர்க்காற்று குறைந்த நீரை மீனைவிட நன்றாகத் தாங்கிக்கொள்பவை இந்தச் சின்னஞ்சிறு உயிர்கள். உண்பதற்கு அழுகலும் பாசியும் வேண்டிய மட்டும் கிடைத்தன. பெருகிவிட்டன. எங்கிருந்து வந்தன என்றால், எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தவைதாம். குரோம்பேட்டை நண்பர் ஒருவர் தன் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி பச்சைப் பாசி கொடுத்திருந்தார், சிக்கிய மீன்பிடி நரம்பு போலிருக்கும் கீட்டோமார்ஃபா. அதற்குள் இருந்திருக்க வேண்டும். நத்தைகளின் ஓட்டின்மேல் வந்திருக்க வேண்டும். நண்பருக்கு அந்தப் பாசி இன்னொருவரிடமிருந்து வந்தது, அவருக்கு எங்கிருந்தோ.

இவை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்த லென்ஸ் ஒன்றை வாங்கினேன். பத்து மடங்கு பெருக்கும். இந்தக் கலைக்கு முதல் கருவியாக அதற்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம். விலையுயர்ந்த நுண்ணோக்கியுடன் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் களைத்துவிடுகிறார்கள்.

வெள்ளைப் புள்ளிகளை அடையாளம் காண்பது எளிதாகவே இருந்தது. முன்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்கிய, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உடல். நெற்றியில் ஒரே ஒரு சிவந்த கண். சிலவற்றின் பின்னால் முட்டைப் பை. கோபிபாடு. கிரேக்கத்தில் துடுப்புக்கால் என்று பொருள். கடலிலும் குளத்திலும் இவை இல்லாத இடமில்லை. நன்னீரில் வாழும் இதன் உறவினனுக்கு ஒற்றைக்கண் அரக்கனின் பெயரை வைத்து சைக்ளாப்ஸ் என்றார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. படிக்கிணற்று நீரோடு சைக்ளாப்ஸை விழுங்கியவர்களின் காலில்தான் நரம்புச் சிலந்தி நீள நீளமாக வெளியே வந்தது. குடிநீரை வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொன்ன பாட்டிமார்கள் இந்தப் பிராணியின் பெயரை அறியாமலே அதை வீட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல். 2000-இல் நம் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சல்லடைத் துணியால் ஒரு நோயை ஏறக்குறைய ஒழித்ததைப் பற்றி நாம் இன்னும் கொஞ்சம் பெருமைப்பட்டிருக்கலாம்.

கோபிபாடு என்று சொன்னால் போதுமா? போதாது என்று எனக்குச் சொன்னவர் ஒருவர் உண்டு. நகரக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் செய்முறைக் கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவர், முடிச்சூரில் வசித்தவர். பெயரைக் குறிப்பிடுவதை அவர் விரும்பமாட்டார். சார் என்றே சொல்கிறேன். ஒரு சிறிய மருந்து பாட்டிலில் என் வெள்ளைப் புள்ளிகளை எடுத்துக்கொண்டு 2017 தொடக்கத்தில் அவரைப் பார்க்கப் போனேன். பழைய பித்தளை நுண்ணோக்கியில் சொட்டு நீரை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"என்ன சார் இது?"

"நீங்கதான் சொல்லணும் தம்பி. கொம்பு நீளமா, குட்டையா?"

"குட்டை."

"எவ்வளவு குட்டை? எண்ணுங்க."

உணர்கொம்பில் எத்தனை கணுக்கள் என்பதுதான் கேள்வி. உடல் நீளத்துக்கு நீளும் கொம்பு என்றால் ஒரு வரிசை, நடுத்தரமானால் இன்னொன்று, பத்துக்குள் முடிந்துவிடும் குட்டைக் கொம்பு என்றால் ஹார்ப்பாக்டிக்காய்டு. என்னுடையது மூன்றாவது. நீந்துவதைவிட ஊர்வதில் நாட்டமுள்ளவை. கண்ணாடியில் ஒட்டி நடந்ததற்கு விளக்கம் கிடைத்தது. அதற்குமேல் போக வேண்டுமானால் ஒன்றைக் கொன்று, கிளிசரினில் வைத்து, ஊசிமுனையால் கால்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொரு காலின் ஒவ்வொரு கணுவிலும் எத்தனை மயிர், எத்தனை முள் என்று எண்ண வேண்டும். குறிப்பாக முதலாவது கால், ஐந்தாவது கால். ஒரு மில்லிமீட்டர் இல்லாத உடம்பின் ஐந்தாவது காலை நினைத்துப் பாருங்கள். இதைச் செய்தவர்கள் நம் நகரிலேயே இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். கிருஷ்ணசாமி 1950களில் சென்னைக் கடலின் கோபிபாடுகளை இப்படித்தான் கால் காலாகப் பிரித்து வரைந்தார். 1957-இல் முடிந்த அவருடைய ஆய்வேட்டின் பொருள் அதுதான். மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு ஒரு கல்லெறி தூரத்தில் ஒருவர் மணல் துகள்களுக்கு இடையே வாழும் உயிர்களின் கால்மயிரை எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

சார் கற்றுக்கொடுத்தது பெயர்களை அல்ல, கேள்விகளை. எல்லாக் கேள்விகளும் இரண்டு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவை. பாசிக்குள் துள்ளிக்கொண்டிருந்த, அரிசி அளவுள்ள இரண்டு வகைப் பூச்சிகளை நான் ஒன்றென்றே கொண்டுபோனேன். "இது வௌவால் மீன் மாதிரி பக்கவாட்டுல நசுங்கியிருக்கு. இது திருக்கை மாதிரி மேலேர்ந்து நசுங்கியிருக்கு. எப்படி ஒண்ணாகும்?" என்றார். முன்னது ஆம்ஃபிபாடு, பின்னது ஐசோபாடு. வேறுபாடு ஏட்டளவில் முடிவதல்ல. ஆம்ஃபிபாடு அழுகலைத் தின்று தொட்டியைக் கூட்டிப் பெருக்கும். ஐசோபாடுகளிலும் பெரும்பாலானவை அப்படியே. ஆனால் சிரோலானிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த, பெரிய கண்களுள்ள சில, இரவில் உறங்கும் மீனின்மேல் ஏறிக் கடித்து உறிஞ்சும். கண்ணின் அளவைப் பார்க்கத் தெரியாதவன் மறுபடி மீன் விடக்கூடாது.

ஏமாற்றும் உயிர்களில் எனக்குப் பிடித்தமான இணை ஒன்றுண்டு. கண்ணாடியின் மூலைகளில் வெள்ளைச் சுண்ணாம்பில் செய்த சின்னஞ்சிறு சுருள்கள், கடுகளவு, ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவர் அனைவரும் நத்தை என்பார்கள். லென்ஸில் பொறுமையாகப் பார்த்தால் சுருளின் வாயிலிருந்து இறகுக் கொண்டை ஒன்று விரியும். நிழல் விழுந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு மூடியால் கதவடைக்கும். அது புழு. ஸ்பைரோர்பிட். அதே தொட்டியில், கல்லின் மேல், தாறுமாறாக நீண்ட சுண்ணாம்புக் குழாய் ஒன்று. பார்த்தவர் அனைவரும் புழு என்பார்கள். அதன் வாயிலிருந்து சிலந்தி நூல்போல் சளியிழை நீண்டு நீரில் மிதக்கும்; சற்று நேரத்தில் சிக்கிய துகள்களோடு அந்த இழையையே உள்ளே இழுத்து விழுங்கும். அது நத்தை. வெர்மீட்டிட். நத்தையாகத் தோன்றும் புழு, புழுவாகத் தோன்றும் நத்தை. இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் குடியிருக்கின்றன. பாடநூல் தமிழில் முன்னது வளைதசைப்புழு, பின்னது மெல்லுடலி. நல்ல சொற்கள். ஆனால் அனைத்தையும் அடக்கும் 'முதுகெலும்பற்றவை' என்ற சொல் மட்டும் எனக்கு உவப்பாயில்லை. உலகின் விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவற்றை, அவற்றிடம் இல்லாத ஒன்றைச் சொல்லி அழைக்கிறோம். போதாக்குறைக்கு, தமிழில் அது ஒரு வசையும்கூட.

சிவப்பாக நெளிந்து மறைந்ததைப் பற்றிச் சொல்லவில்லை. அது விரலளவு நீண்டிருந்தது. ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் வெண்ணிற மயிர்முள் கொத்து. தொட்டிக்காரர்களிடையே இதைக் கண்டவுடன் கொல்லும் கட்சி, விட்டுவைக்கும் கட்சி என்று இரண்டுண்டு. கொல்லும் கட்சியிடம் சான்றில்லாமல் இல்லை. 2009-இல் இங்கிலாந்தின் நியூக்கே நகரக் காட்சியகத்தில், பவளங்கள் இரவோடிரவாகக் கடித்துத் துண்டாடப்பட, தொட்டியைக் கல் கல்லாகப் பிரித்துத் தேடியபோது ஒரு மீட்டருக்கு மேல் நீளமான புழு ஒன்று வெளிவந்தது. எப்போதோ ஒரு கல்லுக்குள் குட்டியாக வந்து ஒளிந்திருந்தது. இந்தச் செய்தியை நான் வீட்டில் சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. அக்காவின் மகன் அப்போது ஆறு வயது. வந்தால் தொட்டிக்குள் கையை விடாமல் இருக்கமாட்டான். "அதை எடுத்துப் போட்டுட்டு மறுவேலை பாரு" என்றாள் அம்மா.

ஆக, பெயர் இங்கே உயிர்ப் பிரச்சினை. சாரிடம் படத்தைக் காட்டினேன். உடலைப் பார்க்கவே இல்லை. "தலை எங்கே?" என்றார். தலை தெரியும்படி எடுக்க இரண்டு வாரம் பிடித்தது. இறால் துண்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சிவப்பு விளக்கில் காத்திருந்தேன். வலுத்த தாடைகளும் தலையில் ஐந்து உணர்நீட்சிகளும் இருந்தால் நியூக்கே புழுவின் குடும்பம், யூனிசிடே. அவை இல்லாமல், தலையின் மேல் சதைமடிப்பு ஒன்று பின்னோக்கி வரப்புப்போல் ஓடினால் தீப்புழுக்களின் குடும்பம், ஆம்ஃபினோமிடே. வரப்பு இருந்தது. தாடை இல்லை. தொட்டால் அந்த வெண்முட்கள் கண்ணாடித் தூள் போல ஒடிந்து தோலில் தைத்து எரியும். ஆனால் தொட்டியில் அது செய்வது தோட்டி வேலை. செத்ததைத் தின்னும். வர்தாவுக்குப் பிறகு, நான் காணாமல் விட்ட அழுகலை எல்லாம் தின்றது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

"யூரிதோயி காம்ப்ளனேட்டா தானே சார்?" என்று, படித்துவிட்டு வந்த மிடுக்கில் கேட்டேன். 1766-இல் பல்லாஸ் பெயரிட்ட புழு அது. உலகின் வெப்பக் கடல்களிலெல்லாம் இருப்பதாக நூல்கள் சொல்லும். சார் சிரித்தார். உள்ளே போய் ஓர் அச்சுப்பிரதியை எடுத்து வந்தார். 2010-இல் வந்த ஆய்வு. உலகெங்கும் ஒரே இனம் என்று எண்ணப்பட்ட அந்தப் புழு, மரபணுவைப் பார்த்தால் குறைந்தது மூன்று வெவ்வேறு இனங்கள் என்கிறது. புறத்தோற்றத்தில் பிரித்தறிவது கடினம். "இது எந்த ஊர்ப் புழுன்னு சொல்லுங்க, அப்புறம் பேரைப் பத்திப் பேசலாம். ஊர் தெரியாம பேர் வைக்கக்கூடாது."

ஊர் பேர் தெரியாதவன் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் வழக்கு, வகைப்பாட்டியலின் அடிப்படை விதி என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. பூச்சியோ புழுவோ, அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு இருக்கும்: எங்கே, எப்போது, யார் எடுத்தது. அடையாளம் காண உதவும் நூல்கள்கூட இந்த ஊர்க் கடலுக்கு, அந்த ஊர்க் கடலுக்கு என்றுதான் எழுதப்படுகின்றன. மீன்தொட்டியின் உயிருக்கு அந்த முதல் கட்டம் காலி. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு நத்தையின் ஓட்டில் வந்திருக்கலாம். இந்தோனேசியாவிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஏற்றுமதியான மீனின் தண்ணீரில் வந்திருக்கலாம். கோவளத்துக் கடல்நீரில் வந்திருக்கலாம். என் தொட்டிக்குள் பல கடல்களின் அகதிகள் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். யாரிடமும் காகிதம் இல்லை.

சீட்டின் அருமையை சார் சும்மா சொல்லவில்லை. பணிக்காலம் முழுவதும் பழவேற்காட்டிலும் முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் அவர் சொந்த ஆர்வத்தில் சேர்த்த பாட்டில்கள் வீட்டின் பின்னறையில் அலமாரி நிறைய இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு முடிச்சூருக்குள் புகுந்தபோது அலமாரி கவிழ்ந்தது. சேறு வடிந்த பிறகு பாட்டில்களில் பல மூடி திறவாமல் அப்படியே கிடைத்தன. ஆனால் வெளியே ஒட்டியிருந்த சீட்டுகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. பாட்டிலுக்கு உள்ளே, சாராயத்திலேயே மூழ்கும்படி பென்சிலால் எழுதிப் போட்ட துண்டுக் காகிதங்கள் மட்டும் பிழைத்தன. மை கரையும், பென்சில் கரையாது. உள்ளே சீட்டுப் போடாத பாட்டில்களை அவர் ஒவ்வொன்றாகத் திறந்து தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டாராம். உள்ளிருந்தவை நல்ல நிலையில் இருந்தன. சிலவற்றின் பெயரை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். "வச்சுக்கிட்டிருக்கலாமே சார்?" என்றதற்கு, "எதுக்கு? பொம்மையாவா?" என்றார். அந்தக் கண்டிப்பு எனக்கு முழுக்க உடன்பாடில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் எழுதியதைத்தான் நம்ப முடிகிறது.

இவ்வளவு சொன்னபின், தொட்டியின் பக்கம் நின்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1883-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், கடலே இல்லாத ஊரில், பல்கலைக்கழகக் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் ஊர்ந்த, அமீபா போல வடிவம் மாறும் ஒரு மெல்லிய சாம்பல் தகட்டை ஃபிரான்ஸ் எய்ல்ஹார்ட் ஷூல்ட்சே என்ற விலங்கியலாளர் பார்த்தார். இரண்டு மூன்று மில்லிமீட்டர். வாயில்லை, வயிறில்லை, நரம்பில்லை, முன் பின் இல்லை. டிரைக்கோபிளாக்ஸ் என்று பெயரிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர் அது ஏதோ ஜெல்லிமீன் உறவினத்தின் இளம்பருவம்தான் என்று எழுத, உலகம் அதை நம்பிப் பல பத்தாண்டுகள் மறந்துபோனது. 1970களின் தொடக்கத்தில் கார்ல் கிரெல் மீண்டும் எடுத்துப் பார்த்து, இது எதனுடைய குழந்தையும் அல்ல என்று காட்டி, அதற்கென்று விலங்குலகில் ஒரு தனித் தொகுதியையே ஏற்படுத்தினார். 2008-இல் அதன் மரபணுத்தொகை வெளியானது. கட்டுரையின் முதல் ஆசிரியர் மான்சி ஸ்ரீவாஸ்தவா என்ற இந்தியப் பெண். மெல்லுடலிகள் ஒரு தொகுதி, கணுக்காலிகள் ஒரு தொகுதி. அவற்றுக்குச் சமமான இன்னொன்று, கழுவாத தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஊரும் முதலில் தெரியாததுதான். 1988-இல் பெயர்பெற்ற கன்வலுட்ரிலோபா ரெட்ரோஜெம்மா என்ற செந்நிறத் தட்டைப்புழுவும் மீன்தொட்டியில் கண்டு விவரிக்கப்பட்டதே. இன்று தொட்டிக்காரர்களின் பெருந்தொல்லை அது. என் தொட்டிக்கு இன்னும் வரவில்லை.

வீட்டுக்குள் கடலை வைத்துக்கொள்ளும் ஆசையின் கணக்கு அவ்வளவு சுத்தமானதல்ல என்பதும் தெரிந்ததே. 1854-இல் 'தி அக்வேரியம்' என்ற நூலை எழுதி இங்கிலாந்தில் இந்த ஆசையைப் பரப்பிய ஃபிலிப் ஹென்றி காஸ் நுண்ணுயிர்களை ஒரு பக்தனைப்போல் பார்த்தவர். அவருடைய நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் கரையோரப் பாறைக்குளங்களை வழித்தெடுத்துவிட்டார்கள் என்று அவர் மகன் எட்மண்ட் 1907-இல் எழுதிய தன்வரலாற்றில் வருந்துகிறார். நம்மிடமும் அந்தக் கதை உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள காப்பு அவற்றுக்கும் கிடைத்தது. அதன் பிறகும் 'உயிர்ப்பாறை' வேண்டுமா என்று தணிந்த குரலில் கேட்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அதில் ஏராளமான உயிர்கள் ஒட்டிவரும், உண்மைதான். சிமென்ட் கல்லிலேயே ஒருவன் ஆயுளுக்கும் அடையாளம் கண்டு முடிக்கமுடியாத அளவுக்கு இருக்கும்போது அது எதற்கு என்று தெரியவில்லை.

இந்த நகரத்தில் இவ்வகைப் பார்வை ஒருகாலத்தில் அன்றாடமாக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால்தான் சற்று ஏக்கமாக இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் முன்னின்று திட்டமிட்ட கடல் காட்சியகம் 1909-இல் மெரினாவில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி, சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களையும் பிற உயிர்களின் மிச்சங்களையும் பற்றி எழுதிய கையேடு 1941, 1942 ஆண்டுகளில் வந்தது. காலில் மிதிபடுவதை எல்லாம் எடுத்துப் பார்த்து எழுதிய நூல். கோபால ஐயரும் பணிக்கரும் சென்னையின் உவர்நீர் உயிர்களைப் பட்டியலிட்டது 1937-இல். கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்ததும் அதே ஆண்டில்தான். அங்கே விலங்கியல் கற்பித்த பி.ஜே. சஞ்சீவ ராஜ் பழவேற்காடு ஏரியின் உயிர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். இப்போது மரபணுவை அனுப்பினால் எண் வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும். அந்த எண்ணை எந்தக் காலோடு, எந்தக் கொம்போடு பொருத்துவது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

2020 ஊரடங்கின்போது சாரைப் பார்க்கப் போக முடியவில்லை. அவருக்குக் கண்புரை முற்றியிருந்தது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. படம் அனுப்பிப் பயனில்லை. மாலை நேரங்களில் தொலைபேசியில் அழைத்து, லென்ஸில் தெரிவதை வாயால் சொல்வேன். அவர் கேட்பார். கொம்பா, தாடையா? கிளைத்ததா, கிளைக்காததா? எத்தனை? எண்ணிட்டுச் சொல்லுங்க. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். 'போல இருக்கிறது' என்பதை அவர் ஏற்பதில்லை. என் நோட்டில் அப்படி எழுதப்பட்டவை நாற்பத்தொன்று. அவற்றில் பேரினம் வரை போனவை ஒன்பது. குடும்பத்தோடு நின்றவை இருபத்திரண்டு. மற்றவற்றுக்கு வரிசையோ வகுப்போ மட்டும். சிற்றினத்தின் பெயர் ஒன்றுக்குக்கூட இல்லை. ஊர் என்ற கட்டத்தில் நாற்பத்தொரு இடத்திலும் 'வீட்டுத் தொட்டி, கிழக்குத் தாம்பரம்; மூலம் தெரியாது' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். முதல் பகுதியைச் சேர்க்கச் சொன்னது சார்தான். பாட்டில் யார் கைக்காவது போனால் குறைந்தபட்சம் இதுவாவது தெரியட்டும் என்றார்.

அம்மா இப்போது கரண்ட்டைப் பற்றிக் கேட்பதில்லை. இறகுக் கொண்டை விரிவதை ஒருநாள் லென்ஸில் காட்டியதிலிருந்து, வருகிறவர்களிடம் அவளே, "மீன் இல்ல, புழுதான் இருக்கு" என்று சற்று அழுத்தமாகச் சொல்கிறாள். அவர்கள் அதன்பின் காப்பி குடிப்பதில் தயக்கம் காட்டுகிறார்கள்.

டிரைக்கோபிளாக்ஸைத் தேட எளிய வழி ஒன்றுண்டு. நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகளைச் சட்டத்தில் செருகித் தொட்டிக்குள் தொங்கவிட வேண்டும். பத்து நாளில் மெல்லிய பாசிப் படலம் படியும். அதை மேய அந்தத் தகடு, இருந்தால், ஏறும். இதுவரை பதினான்கு முறை தொங்கவிட்டிருக்கிறேன். ஹார்ப்பாக்டிக்காய்டு, ஸ்பைரோர்பிட், சுண்ணாம்புக் கூட்டுக்குள் வாழும் ஒற்றைச்செல் ஃபொராமினிஃபெரா, இன்னும் பெயரில்லாத ஓர் உருளைப்புழு. பதினைந்தாவது சட்டம் போன வியாழக்கிழமை இறங்கியிருக்கிறது. சாருக்குக் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சில்லுகளை ஈரம் காயாமல் டப்பாவில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.